நான் வாதாடி வென்ற கலிம்பா

வாசிப்பவரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நீதிபதியாக அல்ல. அந்த ஆசனத்தில் ஏறியமர்ந்து எனக்குத் தீர்ப்புச் சொன்னவர்கள் எங்கள் ஊரில் ஏற்கெனவே பலர். சாட்சிக்குரிய கடமை சிறியது: நடந்ததை நடந்த ஒழுங்கிலே பார்த்து, கேட்கப்படும்போது மறைக்காமல் சொல்லவேண்டும். நான் மேடையேறிப் பேசி ஓராண்டுக்கு மேலாகிறது. பேசக் கிடைத்திருந்தால் இதனை இன்னும் அழகாகச் சொல்லியிருப்பேன். உங்கள் முகத்தைப் பார்த்து, எங்கே குரலைத் தாழ்த்தினால் நீங்கள் என் பக்கம் சாய்வீர்கள் என்று கணித்து, அங்கே தாழ்த்தியிருப்பேன். எழுத்தில் உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. அதுவே நல்லது.

இதை எழுதும் மேசையில், உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதன் முகத்தில் ஒன்பது இரும்புப் பட்டைகள், நடுவில் நீளமானது, இரு பக்கமும் படிப்படியாகக் குறைந்து செல்கின்றன. இரண்டு கைகளாலும் பிடித்து, பெருவிரல்களால் அந்தப் பட்டைகளை அமுக்கி விடுவித்தால் ஒலி எழும். ஆபிரிக்காவில் ஒரு பெரிய ஏரிக்கரையில் வாழும் மக்கள் இதனைக் கலிம்பா என்பார்கள். என் மேசையில் இருப்பது போலி. இதனை மெய்யானது என்று நிரூபித்தவன் நான்.

யுத்தம் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைக் கப்பல்களால் நிரப்பியிருந்த காலம். குண்டு விழுந்தபோது தம்பலகாமத்துக்கும் அதற்கப்பாலும் ஓடியவர்கள் திரும்பிவந்து, ஓடு சிதறிய கூரைகளின்மேல் கிடுகு வேய்ந்து குடியிருந்தார்கள். சிரேஷ்ட வகுப்புச் சோதனையில் சித்தியடைந்திருந்த எனக்கு, நிலாவெளி வீதியோரத் தென்னந்தோப்பில் அமைந்த படைமுகாமின் களஞ்சியத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. ஆனால் என்னை எழுதுவினைஞர் என்று எவரும் அறிமுகஞ் செய்ததில்லை. "பேச்சாளர்" என்றே சொல்வார்கள். நான் அதைத் திருத்தியதும் இல்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் வாசிகசாலையில் விவாதம் நடக்கும். அதன் விதிகள் கடுமையானவை. பொருள் முன்கூட்டியே அறிவிக்கப்படும், பக்கம் அறிவிக்கப்படமாட்டாது. மேடையிலே ஒரு பித்தளைச் செம்பு இருக்கும். அதற்குள் 'ஆம்' என்று ஒரு துண்டு, 'அன்று' என்று ஒரு துண்டு. கையை விட்டு எடுத்தது எதுவோ அதற்காக அந்தக் கணத்திலிருந்து வாதாட வேண்டும். தோற்றவர் எழுந்து, சபை கேட்க "நான் உடன்படுகிறேன்" என்று சொல்லவேண்டும். சொன்னபின் தீர்ப்பின்படி நடக்கவும் வேண்டும். யுத்தகாலத்தில் தேநீருக்குச் சீனி அவசியந்தானா என்ற விவாதத்தில் 'அன்று' என்ற துண்டு என் கைக்கு வந்தது. வென்றேன். அடுத்த ஆறு மாதமும் வாசிகசாலையில் எல்லாரும் சீனியில்லாத் தேநீர் குடித்தார்கள். நானும் குடித்தேன். எனக்குச் சீனி மிகவும் பிடிக்கும்.

அந்த மேடையில் எனக்கு எதிரே பெரும்பாலும் நின்றவன் என் நண்பன். நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். அவன் கடற்படைத் தளத்தின் இரும்புப் பட்டறையில் தற்காலிகமாக வேலை பார்த்தான். கையில் எடுத்த எந்த இரும்பையும் இன்னொரு இரும்பாக்கிவிடுவான். அதிகாலையில் ஒல்லாந்தர் குடாக் கரையில் நான் காற்றை எதிர்த்துக் குரல் பழகும்போது, அவன் கைக்கடிகாரத்தோடு ஐம்பது அடி தள்ளி நின்று, கடைசிச் சொல் கேட்கிறதா இல்லையா என்று கையசைத்துக் காட்டுவான். என்னை அவன் ஒருமுறையும் வென்றதில்லை. ஒருநாள் சொன்னான்:

"மச்சான், உன்னட்டை ஒரு விசயம் கவனிச்சனான். எதிராளி ஒரு நல்ல நியாயத்தை விசர்த்தனமாச் சொன்னானெண்டால், நீ அவனை விட்டுப்போட்டு அந்த நியாயத்தையே சாகடிச்சுப்போடுவாய்."

அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் முகாமில் இருந்தவர்கள் கிழக்கு ஆபிரிக்கப் படையினர். ஊரார் அவர்களைச் சுட்டிய சொல்லை எழுத என் பேனா இணங்கவில்லை. அவர்களுள் ஒருவன் களஞ்சிய வாசலில் காவல் நிற்பான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவன். சிரிக்கும்போது கண்களை முற்றாக மூடிக்கொள்வான். எங்களுக்கிடையே பொதுவாக இருந்தது முகாம் ஆங்கிலம். அதற்கு மேலே அவன் பொறுக்கியெடுத்த நாலு தமிழ்ச் சொற்கள்: தம்பி, சரி, தண்ணி, போதும். இந்த நாலையும் வைத்து அவன் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சொல்லிவிடுவான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெறும் பிஸ்கட் தகரமொன்றை மடியில் வைத்து, அதன்மேல் கலிம்பாவை வைத்து வாசிப்பான். செப்புக் குடத்துக்குள் மழைத்துளி விழுவதுபோன்ற ஒலி. ஒவ்வொரு துளியின் பின்னாலும் வண்டு சிறகடிப்பதுபோல ஓர் இரைச்சலும் வரும். துளி எனக்குப் பிடித்தது, வண்டு பிடிக்கவில்லை. தகரந்தான் இரைகிறது என்று முடிவு செய்தேன். ஒருநாள் நல்ல பலகையொன்றைத் தேடியெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, "இதன்மேல் வைத்து வாசியும், அந்தத் தகரம் இரைகிறது" என்றேன். அவன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கண்களை மூடிச் சிரித்தான்.

"தம்பி, போதும்."

விளக்கம் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. விளக்கம் கொடுக்கும் பழக்கமே இருந்தது.

அந்தக் கலிம்பா அவனுடைய அண்ணன் செய்தது. தங்கள் நாட்டில் நெடுந்தூரம் நடந்து போகிறவர்கள் அதனை வாசித்துக்கொண்டே நடப்பார்கள் என்றும், அண்ணனும் தானும் பட்டாளத்தில் சேர நாலு நாள் நடந்தபோது வழிநெடுக மாறிமாறி வாசித்தார்கள் என்றும் சொன்னான். பிறகு அண்ணனை வேறொரு படையணியில் சேர்த்து வேறொரு யுத்தமுனைக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் அங்கிருந்து திரும்பவில்லை. கலிம்பா மட்டும் தம்பியோடு கப்பலேறி எங்கள் ஊருக்கு வந்தது.

அவனுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். திரும்பிவந்து பார்த்தபோது அவனுடைய மூட்டை அவிழ்க்கப்பட்டுக் கிடந்தது. போர்வை இருந்தது, சப்பாத்து இருந்தது, கலிம்பா இல்லை. எடுத்தவர் எவரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதே வாரத்தில் படையணி புறப்படப் போகிறதென்ற செய்தியும் வந்தது; பர்மாப் பக்கம் என்று பேச்சு. ஒருவரும் முகாமை விட்டு வெளியே போகக்கூடாதென்று கட்டளை பிறந்தது. கம்பி வேலியின் உட்பக்கத்தில் நின்று அவன் என்னிடம் கேட்டான்.

"தம்பி, நீ டவுனுக்குப் போகிறாய். கடைகளிலே பார்."

"பார்க்கிறேன். கண்டால் கட்டாயம் மீட்டுக்கொண்டு வருவேன். ஆனால் அது உம்முடையதுதான் என்பதற்கு எனக்கு மூன்று சான்று வேண்டும்."

மூன்று சான்று என்பது மேடைக் கணக்கு. இரண்டு சொன்னால் சபை நம்பாது, நாலு சொன்னால் மறந்துவிடும். அவன் யோசித்துச் சொன்னான். ஒன்பது பட்டைகள். தலைப்பக்கத்து மூலையில் அண்ணன் கத்தியால் போட்ட மூன்று வெட்டுக் கீறல்கள். பின்புறத்தில், கப்பல் சூட்டில் மரம் வெடித்த இடத்தை அவன் கறுத்த மெழுகால் அடைத்த நீளமான கோடு. நான் கைச்சுவடியில் எழுதிக்கொண்டேன். அவன் இன்னும் எதையோ சொல்ல வந்து, ஒரு கலிம்பாவைப் பிடிப்பதுபோல வெறுங்கைகளை வயிற்றோடு சேர்த்து வைத்து, "இங்கே..." என்றான்.

"மூன்று போதும்" என்றேன். அவனுடைய சொல்லையே அவனுக்குச் சொன்னதில் எனக்கு ஒரு பெருமை. வயிற்றில் உணர்வதைச் சான்றாக எந்தச் சபை ஏற்கும்?

வெள்ளிக்கிழமை பின்னேரம் தேடினேன். கடற்படைத் தளத்து வாசலுக்குப் போகும் வீதியில் மாலுமிகளுக்காகவே நடந்த ஒரு கடை. கருங்காலி யானைகளும், ஆமையோட்டுச் சீப்புகளும், எழுத்துப் பொறித்த சங்குகளும் விற்பார்கள். அதன் கண்ணாடி அலுமாரியில் கலிம்பாவைக் கண்டேன். ஒன்றல்ல, நாலு.

நாலைக் கண்டதும் திகைத்தேன். இரும்பறிந்தவன் ஒருவன் வேண்டும் என்று தோன்றியது. நேரே நண்பனின் வீட்டுக்குப் போய், படைவீரன், அண்ணன், மெழுகுக்கோடு, தகர இரைச்சல் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவனின் முகத்தில் ஏதோ ஓடியது. அதை நான் இரக்கமென்று வாசித்தேன்.

"அவங்கள் எப்ப வெளிக்கிடுறாங்கள்?"

"ஞாயிற்றுக்கிழமை விடியவாம்."

"சரி. நாளைக்குப் பின்னேரம் போவம், மச்சான். இண்டைக்கு வேண்டாம். கடைக்காரரை எனக்குப் பழக்கம். நீ தனியாப் போய் அவரோட பேச்சுப்போட்டி வைச்சுப்போடாதை."

சனிக்கிழமை போனோம். கடைக்காரர் வயிறு பெருத்த, சிரித்த முகமுள்ள மனிதர். நாலையும் எடுத்து மேசையில் வைத்தார். இரண்டை உடனே ஒதுக்கினேன்: ஒன்றுக்கு ஏழு பட்டை, மற்றதற்கு மெழுகுக்கோடு இல்லை. மிஞ்சிய இரண்டிலும் ஒன்பது பட்டைகள். இரண்டின் மூலையிலும் மூன்று கீறல்கள். இரண்டின் முதுகிலும் கறுத்த மெழுகு. என் மூன்று சான்றுகளும் இரண்டுக்கும் சமமாகப் பொருந்தின.

வேறுபாடு ஒன்றுதான். பட்டைகள் ஒவ்வொன்றின் அடியிலும் சின்னத் தகரச் சுருளொன்று சுற்றப்பட்டிருந்தது. ஒரு கலிம்பாவில் அந்தச் சுருள்கள் இளகி ஆடின. பெருவிரல் பட்டதும் பெட்டி முழுவதும் இரைந்தது. மரம் கறுத்து, பிசுபிசுத்துக் கிடந்தது. மற்றதில் சுருள்கள் ஈயம் பற்றவைத்து இறுக்கப்பட்டிருந்தன. அதன் ஒலி சுத்தமானது. துளி மட்டும் விழுந்தது, வண்டு பறக்கவில்லை.

நான் தடுமாறுவதை நண்பன் பார்த்தான். மேசையில் கையை ஊன்றிச் சிரித்தான்.

"ஏன் மச்சான் மண்டையைப் போட்டு உடைக்கிறாய்? விவாதம் வைப்பம். நான் இந்த ஊத்தையனுக்கு. நீ அந்த வெள்ளையனுக்கு. ஐயா தலைவர்."

கடைக்காரருக்கு நல்ல உற்சாகம். கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, ஆமையோட்டுச் சீப்பால் மேசையில் தட்டினார். "தொடங்குங்கோ தம்பிமார். மாலுமியள் வாறதுக்கு முன்னம் முடிச்சுப்போடுங்கோ."

சாட்சியே, இந்த இடத்தைக் கவனியுங்கள். செம்பு இல்லை. துண்டு எடுக்கப்படவில்லை. பக்கத்தைப் பிரித்தவன் அவன். அது விதிக்கு மாறானது என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"இதுதான் அவன்ர" என்று தொடங்கினான். "ஏன்? பார், எவ்வளவு ஊத்தை. ஊத்தையெண்டால் பழசுதானே?"

"அழுக்கு முதுமைக்குச் சான்றானால், நமது வாசிகசாலைத் தண்ணீர்க் கூசா சோழர் காலத்தது" என்றேன். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது இரையுது. அவன் வாசிக்கேக்கையும் இரையுறதெண்டு நீதானே சொன்னனீ?"

"இரைந்தது தகரப்பெட்டி என்றும் சொன்னேன். நண்பருக்குப் பாதி மட்டும் கேட்டிருக்கிறது."

"அப்ப இந்தச் சுருள் எல்லாம் ஏன் ஆடுது? ஆடட்டும் எண்டுதான் போட்டிருப்பாங்கள்... எண்டு நினைக்கிறன்."

அந்த 'நினைக்கிறன்' என்ற சொல்தான் எனக்கு இரை. பிடித்துக்கொண்டேன். "நினைப்பு வேறு, நியாயம் வேறு. தலைவர் அவர்களே, ஒரு வாத்தியத்தின் உறுப்பு இளகி ஆடுமானால் அதற்குப் பெயர் பழுது. எனக்குத் தெரிந்த அந்தப் படைவீரன் நாள்தோறும் தன் துப்பாக்கிக்கு எண்ணெய் பூசுகிறவன். வெடித்த மரத்துக்கு மெழுகு வைத்துக் காத்தவன். அப்படிப்பட்டவன், மாண்டுபோன அண்ணனின் கைவேலையை இப்படி இளகிக் கிடக்க விடுவானா? அன்புள்ளவன் கை எதையும் இறுக்கியே வைத்திருக்கும். இந்தச் சுருள்களை இறுக்கி ஈயம் வைத்த கை எதுவோ, அதுவே அந்தத் தம்பியின் கை."

என் குரல் எனக்கே இனித்தது. கடைக்காரர் கைதட்டினார். வாசலில் நின்ற இரண்டு மாலுமிகள் ஒரு சொல்லும் விளங்காமலே கைதட்டினார்கள்.

நண்பன் பெருமூச்சு விட்டான். "உன்னோட கதைக்க ஏலாது, மச்சான். நான் உடன்படுகிறேன்."

வழக்கமாக அவன் இன்னும் ஐந்து நிமிடமாவது தாக்குப்பிடிப்பான். அவ்வளவு விரைவில் விழுந்தது என் வாதத்தின் வலிமையாலே என்று எண்ணினேன். விலையாக, பேச்சுப்போட்டியில் எனக்குப் பரிசாகக் கிடைத்த ஊற்றுப்பேனாவைக் கழற்றிக் கொடுத்தேன். கடைக்காரர் அதைக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். வீதியில் நண்பன் என் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தான். சந்தியில் பிரியும்போது, பட்டறையில் எதையோ மறந்துவிட்டேன் என்று வந்த வழியே திரும்பி நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முகாம் வீதியில் லொறிகள் வரிசையாக நின்றன. அவன் முதுகில் மூட்டையோடு வேலியடிக்கு ஓடிவந்தான். நான் கம்பிக்கிடையால் நீட்டினேன். வாங்கிக் கண்ணால் பார்த்தான்: ஒன்பது பட்டை, மூன்று கீறல், மெழுகு. முகம் மலர்ந்தது. பிறகு, அன்று வெறுங்கையால் காட்டியதுபோலவே, வயிற்றோடு அணைத்துவைத்து நடுப்பட்டையை அமுக்கி விட்டான்.

ஒரு துளி விழுந்தது. அவன் காத்திருந்தான். பின்னால் ஒன்றும் வரவில்லை.

"தம்பி, இது அல்ல."

நான் அப்போது செய்ததைச் சொல்லாமல் விடலாம். ஆனால் உங்களைச் சாட்சியாக அழைத்துவிட்டேன். நான் அவனோடு வாதாடினேன். மூன்று சான்றும் பொருந்துகின்றனவே என்றேன். காய்ச்சலால் காது மந்தமாகியிருக்கலாம் என்றேன். தகரப்பெட்டி இல்லாததால் வேறாகக் கேட்கிறது என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பெட்டியைத் திருப்பி, பெருவிரல் நகத்தால் மெழுகைச் சுரண்டினான். கறுத்த மெழுகு சுருண்டு உதிர்ந்தது. அதன் கீழே மரம் வழுவழுப்பாக, முழுதாக இருந்தது. வெடிப்பு இல்லை. வெடிப்பில்லாத மரத்துக்கு எவனோ மெழுகு பூசியிருந்தான்.



அவன் இடுப்புக் கத்தியை எடுத்து, நடுப்பட்டையின் சுருளில் இருந்த ஈயத்தை நெம்பி உடைத்தான். சுருள் இளகியது. மறுபடி அமுக்கினான். அந்த ஒரு பட்டை இரைந்தது, வண்டுபோல.

"இங்கே ஆள் பேசுகிறது" என்று தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினான். "மற்ற எட்டிலும் ஆள் இல்லை."

"ஒரு மணித்தியாலம் இருக்கிறதா? உம்முடையது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்."

அவன் லொறிகளைப் பார்த்தான். பெட்டியை என் கைக்குள் திரும்ப வைத்து மூடினான். "சரி, தம்பி" என்றான். அந்தச் 'சரி' இப்போது எதைக் குறித்தது என்று எனக்கு விளங்கவில்லை.

சைக்கிளில் பறந்தேன். கடை பூட்டியிருந்தது. பின்வளவில் கடைக்காரர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றார்.

"அந்த ஊத்தையனோ? அது நேற்றே போட்டுதே தம்பி! நீங்கள் ரெண்டு பேரும் இறங்கின கையோட உம்மட கூட்டாளி திரும்பி வந்து கொண்டுபோனவர். என்ன, உமக்குத் தெரியாதோ?" துவாயை முகத்திலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார். "அவர்தானே மற்ற மூண்டையும் எனக்குச் செய்து தந்தவர். நல்ல கைகாரன்."

நண்பனின் வீட்டில், அவன் பின்னேர விவாதத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைக் கரிப்பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தான். என் கையில் இருந்ததைக் கண்டதும் கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"கலிம்பா எங்கே?"

"எங்கட பட்டறைத் துரையின்ர பங்களாவில."

"நீ என்னை ஏமாற்றிப்போட்டாய்."

"நான் என்னடா பொய் சொன்னனான்? சொல்லு பாப்பம்." அவன் குரல் உயரவில்லை. "அதுதான் அவன்ர எண்டு சொன்னனான். பழசு எண்டனான். இரையுறது எண்டனான். சுருள் ஆடத்தான் வேணும் எண்டுகூடச் சொன்னனான். எல்லாம் உண்மை. உண்மையை நான் சொல்ல, நீதான் பொய்யெண்டு நிரூபிச்சனீ."

"வேணுமென்று மோசமாகச் சொன்னாய்!"

"ஓம். அது பொய்யே?"

 

அவன் கதிரையில் இருந்தான். "அடுத்த மாசம் பட்டறையில ஆள் குறைக்கிறாங்கள். என்ர பேரும் கிடக்குது. துரை ஊர் ஊரா வாத்தியம் சேர்க்கிற மனுசன். கடைக்காரர் மாதிரிக்கெண்டு அவன்ர கலிம்பாவை என்னட்டைத் தந்து, இதைப்போல செய் எண்டவர். நான் பட்டறையில வைச்சு அளக்கேக்க துரை கண்டுபோட்டார். அசலைக் கொண்டுவந்து தா, உன்ர பேரை எடுத்துவிடுறன் எண்டார். களவெடுத்த சாமான் எண்டு எனக்குத் தெரியாது. நீ வெள்ளிக்கிழமை வந்து சொன்னாப் பிறகுதான் தெரியும்."

"தெரிந்த பிறகும்..."

"தெரிஞ்ச பிறகுதான் யோசிச்சனான். அவன் போறவன் மச்சான். போற இடத்தால திரும்பி வாறானோ, ஆருக்குத் தெரியும்? நான் இங்கை இருக்கப்போறவன்."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே. நாம் இருவரும் சேர்ந்து ஒரு வழி பார்த்திருக்கலாமே."

அவன் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தான். "உன்னட்டையோ? நீ எழும்பி நிண்டு ஒரு மணித்தியாலம் பேசியிருப்பாய். கடைசியில நான் உடன்பட்டிருப்பன். இத்தனை வருசத்தில உன்னட்டை ஒண்டைச் சொல்லி நீ கேட்டிருக்கிறியே?" பிறகு என் கையிலிருந்த பெட்டியைக் காட்டி, தொழிலாளியின் குரலில் கேட்டான்: "அதில என்ன பிழை? எப்படிப் பிடிச்சவன்?"

"வெடிப்பில்லாத இடத்தில் மெழுகு வைத்திருக்கிறாய்."

"செய்யேக்க அது வெடிப்பெண்டு ஆருக்குத் தெரியும்? நான் அழகுக்குப் போட்ட கோடெண்டு நினைச்சனான்." தன் கைவேலை பிழைத்ததற்கு உண்மையாகவே வருத்தப்பட்டான். "சுருளெல்லாம் இளகிக் கிடந்துது. அதையும் இறுக்கிக் குடுத்தனான். பட்டறையில ஆடுற சாமானை அப்பிடியே விட்டால் பேசுவாங்கள்."

அந்தச் சொற்கள் என்னைச் சுட்டதுபோல அவனுடைய வேறெந்தச் சொல்லும் சுடவில்லை. இளகி ஆடுவது பழுது என்று கடையில் நான் முழங்கியபோது, அதற்கு அவன் உடன்பட்டது நடிப்பல்ல. அந்த ஒன்றில் நாங்கள் இருவரும் உள்ளபடியே ஒரே பக்கத்தில் நின்றோம்.

திரும்பி முகாமுக்குப் போனேன். தென்னைகளுக்கிடையே லொறித் தடங்களும், காலியான பிஸ்கட் தகரங்களும் கிடந்தன. அவன் மடியில் வைத்து வாசிக்கும் தகரம் களஞ்சிய வாசலில், வழக்கமான இடத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில், நான் முன்பு கொடுத்த பலகை. அதை அவன் எறியவில்லை.

நாலு மணிக்கு வாசிகசாலைக்குப் போனேன். யுத்தம் முடிந்தபின் துறைமுகத்தால் ஊருக்கு நன்மையா என்பது அன்றைய பொருள். சபை நிறைந்திருந்தது. அழுத்திய வெள்ளைச் சட்டையோடு நண்பன் எதிர்க்கதிரையில் இருந்தான். தலைவர் செம்பை என் முன்னால் நகர்த்தினார். நான் கையை விடவில்லை. கலிம்பாவை எடுத்துச் செம்புக்குப் பக்கத்தில் வைத்து, நடுப்பட்டையை அமுக்கினேன். அது இரைந்தது. சபை சிரித்தது.

நடந்ததைச் சொன்னேன். நண்பனின் பெயரைச் சொல்லவில்லை. அவன் தலை குனிந்ததால் சொல்லவேண்டியும் இருக்கவில்லை. பிறகு அவன் எழுந்து, "தலைவர் அவர்களே, இது பொருளுக்குப் புறம்பான பேச்சு" என்றான். விதிப்படி அவன் சொன்னது சரி. தலைவர் மணியை அடித்தார். மணியடித்த பின்னும் நான் பேசியது அன்று ஒருநாள்தான். பழகிய குரல் வரவில்லை. பின்வாங்கில் இருந்தவர்கள் "கேக்கேல்ல, கேக்கேல்ல" என்றார்கள். ஆகவே இன்னும் உரத்துச் சொன்னேன்:

"நேற்று ஒரு கடையில் நான் ஒரு வாதத்தை வென்றேன். அதில் தோற்றவன் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் உடன்படுகிறேன். தோற்றவர் தீர்ப்பின்படி நடக்கவேண்டும் என்பது இந்தச் சபையின் விதி. நாளை காலையில் அந்தத் துரையின் வாசலுக்குப் போவேன். வாதாடமாட்டேன். இது இன்னாருடையது, தாருங்கள் என்று கேட்பேன். தராவிட்டால் மறுநாளும் போவேன். அந்தக் கலிம்பா அவனுடைய கைக்குப் போய்ச் சேரும்வரை நான் இந்த மேடையில் ஏறமாட்டேன். வேறெந்த மேடையிலும் ஏறமாட்டேன்."